பாதி ரொட்டி வாங்கியவள்

ஜனவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கீழ்ப் பல் செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறீர்கள் என்று அத்தை போனில் புகார் செய்தார்கள். பையில் இருந்தால் பைதான் மெல்லும், மாமா. ஈறில் உரசுகிற இடத்தை டாக்டரிடம் காட்டித் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். நாள் முழுக்க யார் யார் வாய்க்கோ பல் செய்துகொண்டு லேபில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கே ஒரு செய்தி. புதிதாக ஒரு ஜெர்மன் பேக்கரி திறந்திருக்கிறார்கள். லேபில் யாருக்கும் இன்னும் தெரியாது, கண்டுபிடித்தது நான்தான். போன சனிக்கிழமை ஒரு வேலையாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்துவிட்டேன். முன்பு செருப்புக்கடை இருந்த இடம். பழைய பலகையைக்கூட இன்னும் கழற்றவில்லை. கண்ணாடி முழுக்க உள்ளேயிருந்து ஆவி. கதவைத் திறந்ததும் ஒரு வாசனை. புளித்த மாவு, லேசாகக் கருகிய தோல், மழை பெய்து முடித்த மரக்கடை, எல்லாம் கலந்த மாதிரி.

கடையில் ஓர் அம்மாள் நிற்கிறார். கதவை அடைக்கிற தோள். முழங்கை வரைக்கும் மாவு. அவர் வீட்டுக்காரர் பின்னால் அடுப்படியில் இருக்கிறார், குரல் மட்டும்தான் வெளியே வரும். அந்த அம்மாளுக்கும் எனக்கும் இந்த ஊர்ப் பாஷை அரைகுறைதான். இரண்டு அரைகுறையையும் சேர்த்து ஒரு வழியாகப் பேசினோம். ரொட்டி என்றால் நாம் வாங்குகிற பஞ்சு ரொட்டி இல்லை, மாமா. செங்கல் போலக் கறுத்து, கனமாக இருக்கிறது. விரலால் தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம். "இன்னைக்குச் சாப்பிடாத. நாளைக்குச் சாப்பிடு. அதுக்குள்ள அதுக்குக் கோபம் தணிஞ்சிடும்" என்றார். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

பாதி வாங்கிக்கொண்டு வந்தேன். பொறுக்காமல் அன்றைக்கே ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டுப் பார்த்தேன். தாடை வலித்தது. மறுநாள் மெல்லிசாக அரிந்து வெண்ணெய் தடவினேன். நின்ற இடத்திலேயே நான்கு துண்டு போய்விட்டது. உங்கள் செட்டுக்கு இது ஆகாது. வாசனையை மட்டும் கடிதத்தில் அனுப்புகிறேன்.

உங்கள் பிள்ளை நன்றாக இருக்கிறார். வேலைதான் அதிகம். சின்னவள் கல்யாணத்துக்கு லீவு கேட்டிருக்கிறார். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 3

அம்மாடி,

கடிதம் கிடைத்தது. போஸ்ட்மேன் மணி அடித்துப் பார்த்துவிட்டுக் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ரூமில் காதைக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் வீட்டில் மணி எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கும் தோன்றியிருக்கும். அந்த உத்தியோகத்தில் கரண்ட் போனால்தான் என்னை நினைப்பார்கள். வந்துவிட்டால் மறந்துவிடுவார்கள். ரிடையரான பிறகு கரண்ட் போனால்கூட யாரும் நினைப்பதில்லை.

இங்கே எல்லாப் பேச்சும் போனில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தை நம் எஞ்சினியர் பிள்ளையோடு வீடியோவில் பேசுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாயும் அசைவதைப் பார்க்கிறேன். முடிந்ததும் "என்ன சொன்னான்?" என்று கேட்டால், "நல்லா இருக்கானாம்" என்கிறாள். அரை மணி நேரப் பேச்சில் என் பங்கு அவ்வளவுதான். அதனால் உன் கடிதம் வந்தால் ஒரு தடவையோடு விடுவதில்லை.

இரண்டாம் தடவை படிக்கும்போது ஒன்று உறுத்தியது. பாதி ரொட்டி ஏன் வாங்கினாய்? எஞ்சினியர் சாப்பிடுகிற சாப்பாடு எனக்குத் தெரியாதா? காலேஜில் படிக்கும்போதே பாத்திரத்தின் அடியைச் சுரண்டிவிட்டுத்தான் எழுந்திருப்பான். "சாப்பிட்டுப் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறாய். "பார்த்தோம்" என்று இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. காது போனவனுக்குக் கண் கொஞ்சம் ஓவர்டைம் பார்க்கும். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவனுக்குப் பின்னால் பச்சைத் திரை தொங்கியது. உன் வீட்டு ஜன்னலுக்கு நீ தைத்தது மஞ்சள். துணி எடுத்தபோது எனக்கு எழுதியிருந்தாய்.

கிழவனுக்கு வேலை இல்லை, துருவுகிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை. திரையை மாற்றியிருந்தால் மாற்றினேன் என்று எழுது, போதும்.

மாமா


பிப்ரவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

திரையை மாற்றவில்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர். சீக்கிரம் முடிந்துவிட்டது.

அவர் நவம்பரிலேயே வேறு வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் உங்களுக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு சாயங்காலம் ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "உன் மேல ஒரு தப்பும் இல்ல. என்னால இதுக்கு மேல நடிக்க முடியல" என்றார். நான் அடுப்பை அணைத்தேன். "நடிச்சீங்களா? எப்பலேர்ந்து?" என்று கேட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பழைய நாளாக எடுத்து, இது நிஜமா, இது நடிப்பா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல்லில் நிறம் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன் அல்லவா, அது மாதிரி. எதுவும் பிடிபடவில்லை.

சின்னவள் கல்யாணம் முடிகிற வரைக்கும் வீட்டில் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "சம்பந்தி வீட்டுக்குப் போச்சுன்னா அவ கல்யாணத்துல பேச்சு வரும்" என்றார். சரி என்றேன். அவருக்காக இல்லை. சின்னவள் என்னை "அண்ணி" என்று இழுத்துக் கூப்பிடுவாளே, அதற்காக.

அந்தச் சனிக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனது இதற்காகத்தான். கனமான கோட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். பனி கொட்டுகிறதே, இருமுவாரே என்று எடுத்துக்கொண்டு போனேன். கீழே இறங்கி வந்து வாங்கிக்கொண்டார். மேலே வா என்று சொல்லவில்லை. "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றார். என்னைப் போய் "உங்களுக்கு" என்றார், மாமா.

திரும்பி நடந்தபோது பஸ் நிறுத்தம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. அழுத முகத்தோடு தெருவில் நிற்க முடியாமல் கைக்குக் கிடைத்த கதவைத் திறந்தேன். அது ரொட்டிக்கடை. அந்த அம்மாள் ஒரு நாற்காலியை என் பக்கம் காலால் நகர்த்திவிட்டுத் தன் பாட்டுக்கு ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மூக்கைச் சிந்தி முடித்த பிறகுதான், "முழுசா, பாதியா?" என்று கேட்டார். அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். பாதி என்றேன்.

அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 15

மருமகளுக்கு,

கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பரில் போனவனை இத்தனை நாள் மூடி வைத்திருக்கிறாய். போகிறவன் கையைப் பிடித்து நிறுத்தத் தெரியவில்லை. எப்பலேர்ந்து நடிச்சீங்க என்று வக்கீல் மாதிரி கேட்டிருக்கிறாய். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? அவன் சின்ன வயதிலேயே அப்படித்தான். கோபம் வந்தால் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வான். யாராவது போய்க் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வந்துவிடுவான். கடுகளவு பல்லை நாள் பூராவும் செதுக்க உனக்குப் பொறுமை இருக்கிறது. புருஷனைக் கூப்பிடப் பொறுமை இல்லை.

முன்பின் தெரியாத ரொட்டிக்கடை அம்மாளிடம் போய் அழுகிறாய். அவனிடம் அழுதாயா?

போ. கீழே நிற்காமல் மாடி ஏறிப் போ. சாப்பிட ஏதாவது கையில் எடுத்துக்கொண்டு போ. "வாங்க வீட்டுக்கு" என்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே. ஒருத்தர் குனிந்தால்தான் ஒரு வீடு நிற்கும். இந்தத் தடவை நீ குனி.

அத்தையிடம் சொல்லவில்லை. அவள் தாங்க மாட்டாள்.

மாமா


ஏப்ரல் 27

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தப் பேக்கரியில் முழு ரொட்டி ஒன்று வாங்கினேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்திருந்தார்கள். பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டால் கோட்டைத் தாண்டிச் சூடு வந்தது. அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் இருக்கிறது. ஏறிப் போ என்று எழுதியிருந்தீர்களே என்று படியிலேயே ஏறினேன்.

அவர்தான் கதவைத் திறந்தார். காலில் நான் பார்த்திராத வீட்டுச் செருப்பு. "வாங்க வீட்டுக்கு" என்றேன். வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தும் குரல் நினைத்த மாதிரி வரவில்லை. அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். எதையாவது பேச வேண்டுமே என்றுதான் பேசியிருப்பார். "அந்த ஜெர்மன் கடையா? நாங்க ஞாயிற்றுக்கிழமையானா அங்கதான் போவோம்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

நாங்க.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய் மற்றவர்களிடம் "நாங்க" என்று சொன்னபோதெல்லாம் அதற்குள்ளே நான் இருந்தேன். நாங்க வர்றோம். நாங்க சாப்பிட்டாச்சு. நாங்க ஒரு வீடு பார்க்கிறோம். என்னிடம் பேசும்போது "நாம" என்பார். இப்போது என் முகத்தைப் பார்த்து "நாங்க" என்றார். அதற்குப் பிறகு எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து ஒரு பெண், "யாருங்க?" என்றாள். நம் பாஷைதான். "தெரிஞ்சவங்க" என்று இவர் பதில் சொன்னார்.

ரொட்டியை அந்தப் படியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். குனியச் சொன்னீர்கள். வைப்பதற்குக் குனிந்தேன்.

இனி எனக்கு யோசனை சொல்லாதீர்கள், மாமா. என் தப்பு என்ன என்று நானே வேண்டிய அளவு தேடிவிட்டேன். நீங்களும் ஒரு பக்கம் தேட வேண்டாம். புதுக்கடை கண்டுபிடித்தேன் என்று உங்களிடம் பீற்றிக்கொண்டேன். இப்போது அந்தத் தெருப் பக்கமே போக முடியவில்லை.

இப்படிக்கு,
மருமகள்


மே 16

அம்மாடி,

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத ஆள் நான். அத்தையிடமே கேட்டதில்லை. தப்புச் செய்தால் கடைக்குப் போய் அவளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். உனக்கு எதை வாங்கி எந்த மேசை மேல் வைப்பது?

படியில் உட்கார்ந்தவனைக் கூப்பிட்டால் வருவான் என்று எழுதினேன். இவன் படியில் உட்காரவில்லை, இறங்கியே போய்விட்டான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. உன்னை அந்த வாசலுக்கு அனுப்பியவன் நான். நீ ரொட்டிப் பையோடு ஏறுவதை நினைத்தால் எனக்கு உட்கார முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கையிலிருந்து போனை வாங்கினேன். "யாருடா தெரிஞ்சவங்க?" என்று கேட்டேன். மெதுவாகக் கேட்டதாகத்தான் நினைப்பு. எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் அவன் ஏதோ சொன்னான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் நல்லதுதான், நான் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடிக்க முடிந்தது. பாதித் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அத்தைக்கும் தெரிந்துவிட்டது. நீ கேட்டுக்கொண்டதை நான் காப்பாற்றவில்லை.

அவள் அழுது முடித்து, என் காதருகில் வந்து உரக்கச் சொன்னாள். "என்ன செஞ்சாலும் அவன் நம்ம பிள்ளை. நாம விட்டா அவனுக்கு யாரு இருக்கா?" நான், "அவளுக்கு மட்டும் யாரு இருக்கா?" என்றேன். "கல்யாணம் முடியட்டும், பேசிக்கலாம்" என்று எழுந்து போய்விட்டாள்.

கல்யாணம் அடுத்த மாதம். உன்னை வா என்று கூப்பிடக்கூட வழியில்லாமல் இருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு "லீவு கிடைக்கல" என்று சொல்ல வேண்டுமாம். சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

யோசனை சொல்லக் கூடாது என்றாய். இது யோசனை இல்லை, ஆசை. அந்தக் கடைக்கு நீ போக வேண்டும். அவன் போகிறான் என்பதற்காக நீ ஏன் நிற்க வேண்டும்? அவன் ஞாயிற்றுக்கிழமை போய்த் தொலையட்டும். உனக்கு மற்ற கிழமையெல்லாம் இருக்கிறது.

மாமா


ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

சின்னவள் கல்யாணப் படங்களை அனுப்பியிருந்தாள். புதுச் சட்டையும் இரண்டு செட்டுப் பல்லுமாகச் சிரிக்கிறீர்கள். குடும்பப் படத்தில் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அண்ணி, நீங்க இல்லாம நல்லாவே இல்ல" என்று எழுதியிருந்தாள். அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் "அழகா இருக்கே" என்று மட்டும் அனுப்பினேன்.

போன வாரம் விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்தபோது மழை. அவரிடம் குடை இல்லை, என்னிடம் இருந்தது. பழக்கத்தில் அவர் பக்கம் நீட்டிவிட்டேன். அவரும் பழக்கத்தில் கை நீட்டினார். பிறகு இரண்டு பேரும் கையை இழுத்துக்கொண்டோம். அவர் நனைந்துகொண்டே தெருவைக் கடந்து போனார். எனக்கு அன்றைக்கு வந்த அழுகை அந்தக் கையெழுத்துக்காக வரவில்லை, மாமா.

புதன்கிழமை பேக்கரிக்குப் போனேன், நீங்கள் ஆசைப்பட்டபடி. செருப்புக்கடைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்க போயிட்ட?" என்று அதட்டினார். நான் வராததை ஒருத்தர் கவனித்திருக்கிறார். இந்த ஊரில் அப்படி யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன். ரொட்டியை அரியும்போது, "ஞாயிற்றுக்கிழமை உங்க பாஷைக்காரர் ஒருத்தர் பொண்டாட்டியோட வருவார். உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பொய் இல்லை.

மாமா, ஒன்று கேட்க வேண்டும். இப்போது நான் உங்களுக்கு என்ன உறவு? மருமகள் என்று கையெழுத்துப் போடப் போய்ப் பேனா நிற்கிறது. வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. அப்பா முகம் எனக்குப் படத்தில்தான் தெரியும். கோபித்துக்கொண்டு "மதிப்பிற்குரிய" என்று ஒருவருக்கு எழுதி, அவர் வருத்தப்பட்டுப் பதில் போட்டது உங்களிடம்தான் எனக்கு வாய்த்தது. உங்கள் பிள்ளை போனதை ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன். அவரோடு சேர்த்து உங்களையும் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திட்டுவதானாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

உங்கள்


ஆகஸ்ட் 11

அம்மாடி,

இதைப் போஸ்ட் ஆபீஸில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மேசை ஆடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான், வேறு ஒன்றும் இல்லை.

அந்தப் படத்தில் போட்டோக்காரர் நெருங்கி நிற்கச் சொல்லிக் கையைக் கையை ஆட்டினார். காது கேட்காதவன் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீ இருக்க வேண்டிய இடத்துக்கு நான் செய்தது அது ஒன்றுதான். இனிமேல் எழுதப் போவதைப் படித்தால் அதுவும் பெரிதில்லை என்று நினைப்பாய்.

எஞ்சினியர் அடுத்த மாதம் வருகிறான். அந்தப் பெண்ணும் வருகிறாள். இங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளப் போகிறார்களாம். அத்தை வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறாள். உன் கடிதம் வந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். "புதுசா ஒருத்தி வர்றா. அவ கண் முன்னால இது வந்து விழுந்தா நல்லாவா இருக்கும்? நிறுத்திடுங்க." முடியாது என்றேன். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. செவிடனோடு பேசாமல் இருப்பது என்ன தண்டனை என்று நீ சிரிப்பாய். அந்த வாய் அசைவதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு நாள் போகிறது. அது அசையாமல் இருந்தால் வீட்டில் கரண்ட் இல்லாத மாதிரி இருக்கிறது.

எட்டாம் நாள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். குனிந்து காதைக் கொடுத்தேன். "அவளை எனக்கும் பிடிக்குங்க. பிடிக்காமலா இருக்கு? ஆனா நமக்கு இருக்கிறது ஒரு பையன்" என்றாள். நான் சரி என்றேன்.

சரி என்றுவிட்டேன், அம்மாடி. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, என் மருமகள் அவள்தான் என்று சொன்னேன் என்று உனக்கு எழுத ஆசை. போஸ்ட் ஆபீஸுக்கு வருகிற வழியெல்லாம் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தேன். சொல்லவில்லை. எனக்கு இந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. உனக்கு இருந்ததா என்று நான் யோசிக்காமல் இல்லை.

என்ன உறவு என்று கேட்டிருந்தாய். நானும் தேடினேன். எனக்கும் சொல் கிடைக்கவில்லை. நீ மாமா என்றே வைத்துக்கொள். அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

இனி எழுதாதே. வந்தால் என் கைக்கு வராது. மற்றவர்களெல்லாம் உன்னோடு போனில் பேசிக்கொள்ளலாம், சின்னவள் நிச்சயம் பேசுவாள். எனக்கு மட்டும் அந்த வழி இல்லை. நீ வேறு வீடு மாறினாலும், உடம்புக்கு ஏதாவது வந்தாலும், உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவன் ஒருவன் வந்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளப் போகிறேன். எந்த நாளில் என்றுதான் முடிவு செய்யவில்லை.

தபால் பையைக் கட்டப் போகிறார்கள். கவுண்டரில் இருக்கிறவர் சீக்கிரம் என்று கையைக் காட்டுகிறார். தாளில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. அதை அப்படியே விட்டு மடிக்கிறேன்.

மாமா